ஆறு மில்லிமீட்டர் இடைவெளி

மனைவி நான்கு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷின்காரர் நான்கு நாட்களாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலை அவள் காபியை மேஜையில் வைத்த சத்தத்திலேயே இன்றைக்குத் தப்பிக்க வழியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னைக்கு ரெண்டு மணிக்கு வண்டி வருதாம். ஏழு மாடு போகுதாம். உங்க சகலைகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?”

“அவர் மாடு, அவர் விக்கிறார். நான் என்னத்தைச் சொல்றது?”

“அவர் மாடா? பன்னெண்டு வருஷமா அதுங்களுக்குச் சாணி அள்றது என் தங்கச்சி. மாடு பால் குறைச்சா அதுக்கும் அவதான் காரணம்னு உங்க சகலை மூணு மாசமா அவளைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருக்கார். நீங்க என்னடான்னா அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.”

“தலைக்கு மேல வேலை கிடக்கு.”

“எல்லார் தலைக்கு மேலயும்தான் கிடக்கு” என்றாள் அவள்.

வேலை கிடந்தது உண்மைதான். வாசலுக்கு எதிரே கொட்டகையில் அவருடைய மெஷின் பிரித்துப்போட்ட கோலத்தில் நின்றது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மக்காச்சோளம் வெட்டும் மெஷின். வயலில் நிற்கும் பயிரைத் தட்டையும் கதிருமாக அப்படியே விழுங்கி, விரல் நகம் அளவுக்கு நறுக்கி, பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, பக்கத்தில் வரும் டிரெய்லரில் துப்பும். துப்பியதைக் குழியில் கொட்டி, டிராக்டரை ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பாயால் மூடிவிட்டால் அது புளித்துப் பதமாகும். அதுதான் சைலேஜ். வருஷம் முழுக்க மாடுகளுக்கு அதுவே சாப்பாடு. சுற்றுவட்டாரத்தில் இருபத்தெட்டுப் பண்ணைகளுக்கு மெஷின்காரர்தான் வெட்டிக் கொடுக்கிறார். அடுத்த சீசனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்தால் இடுப்பு என்ன சொல்லும் என்பதைப் படுத்து எழுந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருபது நிமிஷப் பாதைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வழியில் பெட்ரோல் போட்டார், தேவையே இல்லாமல் டயருக்குக் காற்றும் பிடித்தார்.

சகலை பால் தொட்டி அறையில் இருந்தார். மெஷின்காரரை விட ஏழு வயது இளையவர். அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். நல்ல மனிதர், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. காலையில் அவர் காதில் போட்டது சாயங்காலத்துக்குள் பால் சென்டரில் வரிசையில் நிற்கும் கடைசி ஆள் வரை போய்ச் சேர்ந்துவிடும். அந்த வாயால் மெஷின்காரருக்கு லாபமும் உண்டு. ‘எங்க சகலை மெஷின் மாதிரி வருமா?’ என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் இருபத்தெட்டில் பாதிப் பண்ணைகள் வந்து சேர்ந்தன.

“வாங்க அண்ணே! மூணு மாசமா ஆளையே காணோம். வழி மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார் சகலை. பிறகு சுவரில் தொங்கிய கரும்பலகையைக் காட்டினார். “பாத்தீங்களா அநியாயத்தை? இருபத்துநாலு மாடு. ஒவ்வொண்ணும் சராசரி இருபது லிட்டர் கறந்தது. இப்ப பதினேழு. இந்த வருஷக் குழியைத் திறந்ததிலிருந்து இறங்க ஆரம்பிச்சது, இன்னும் ஏறல.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“அவருக்கென்ன, வர்றார், ரத்தம் எடுக்கறார், போறார். பூச்சி மருந்து கொடுத்தாச்சு, தாது உப்பு மாத்தியாச்சு, காத்தாடி போட்டாச்சு. தீவன மூட்டை ரெண்டு தடவை மாத்தினேன். கடைசியில பாத்தா குத்தம் நம்ம வீட்டுக்குள்ளதான்.” சகலை குரலைத் தாழ்த்தினார். குரலைத் தாழ்த்தினாலும் அது கொட்டகை வரைக்கும் கேட்கும். “உங்க கொழுந்தியாதான் தீவனம் கலக்கறா. கையில அளவே கிடையாது அவளுக்கு. ஒரு நாள் ஒரு வண்டி சைலேஜ், ஒரு நாள் முக்கால் வண்டி. சொன்னா வாயே திறக்க மாட்டேங்கறா, எருமை மாதிரி நிக்கறா. சரி, பதினேழு மாடுன்னா அவளால ஒழுங்கா பாக்க முடியும். ஏழைத் தள்ளிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

“தின்கிறது குறைஞ்சிருக்கா?”

“அதெல்லாம் ஒரு பிடி குறையல. தின்னுட்டு எங்க வைக்குதுங்களோ! இந்தப் பண்ணையில ஒழுங்கா இருக்கறது கோழிங்க மட்டும்தான் அண்ணே. நாள் பூரா சாணிக் குவியலைக் கிளறிக்கிட்டு, அதுங்க பாட்டுக்குக் கொழுத்துப் போய் முட்டையா போட்டுத் தள்ளுதுங்க.”

“சாணிக் குவியலையா கிளறுது?” என்று கேட்டார் மெஷின்காரர். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து கொட்டகைப் பக்கம் நடந்தார்.

சாணிக் குவியலில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மும்முரமாக இருந்தன. மனிதர் வந்ததற்காக ஒன்றுகூட நகரவில்லை. அவர் ஒரு குச்சியை எடுத்துக் கிளறிப் பார்த்தார். சாணிக்குள் மஞ்சள் மஞ்சளாகச் சோள முத்துகள். உடையாமல், கீறல்கூட இல்லாமல், கதிரிலிருந்து உதிர்ந்த மாதிரியே முழுசாக இருந்தன. மாட்டின் நாலு அறை வயிற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன வழியே வெளியே வந்த முத்துகள். பால் எங்கே போயிற்று என்று அவருக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால், அவருக்கு மனதின் ஒரு மூலையில் முன்பே தெரியும். அதனால்தான் மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன சீசனில் சகலையின் சோளத்தை அவர் கடைசியில்தான் வெட்டினார். வருஷா வருஷம் அப்படித்தான். வெளி ஆட்கள் போன் மேல் போன் போட்டு நச்சரிப்பார்கள், சொந்தக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொந்தம் என்பதற்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு, காக்க வைக்கலாம். வெட்ட வேண்டிய பதம் தாண்டிப் பதினோரு நாள் ஆகிவிட்டது. முத்து கூழாங்கல்லாகக் கெட்டிப்பட்டுவிட்டது. கெட்டி முத்துக்கு உருளைகளை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும். நெருக்கினால் மெஷின் திணறும். அன்று திணறியது. பெல்ட் கருகும் வாடை அடித்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்து ஏக்கர் நின்றது. இருபத்தேழு பண்ணைகளை வெட்டி முடித்திருந்த அலுப்பு முதுகில் உட்கார்ந்திருந்தது.

அவர் இறங்கினார். ஸ்பானரை எடுத்தார். இரண்டு மில்லிமீட்டர் இருந்த உருளை இடைவெளியை ஆறாக்கினார். அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை. மெஷின் பெருமூச்சு விட்ட மாதிரி லேசாக ஓடியது. இரண்டு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. மழைக்கு முன்னால் குழி மூடியாயிற்று. சகலை அவர் முதுகில் தட்டி, “நீங்க இல்லன்னா என் கதி என்ன ஆகியிருக்கும் அண்ணே!” என்றார். அந்தத் தட்டு இன்றைக்கும் அவர் முதுகில் உறைத்தது.

“அத்தான், அங்க நிக்காதீங்க. தண்ணி தெறிக்கும்.”

கொழுந்தியாள் ரப்பர் பூட்ஸும் குழாயுமாக நின்றாள். கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். ஈரத்திலேயே கிடந்து விரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. குழாயை வீசி அடித்ததில் தரையில் கிடந்த சாணியும் அதோடு மஞ்சள் முத்துகளும் வாய்க்காலில் இறங்கி ஓடின. எப்போதும் சுத்தக்காரி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“அவர் உன்னை ரொம்பத் திட்டறாராம்மா?”

“திட்டறதுக்குன்னு ஒரு ஆள் வேணும்னுதானே அத்தான் கட்டிக்கிட்டார்” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே களைத்துப் போயிற்று. “அக்கா அனுப்பினாளா?”

“ஆமா. மாட்டை விக்க வேணாம்னு சொல்லச் சொன்னா.”

“விட்டுடுங்க அத்தான். போனாப் போகட்டும். எனக்கும் முடியல.”

அவள் மாட்டு வரிசையின் அந்தக் கோடிக்குப் போனதும் அவர் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தார். தீவனத் தொட்டியிலிருந்து இரண்டு கை சைலேஜ் அள்ளிப் போட்டுக் கலக்கினார். இது மெஷின்காரர்கள் வயலோரத்தில் நின்று செய்கிற சோதனை. தட்டையும் இலையும் மிதக்கும், முத்து அடியில் தங்கும். மிதந்ததை வழித்து எறிந்து, தண்ணீரை வடித்தார். இரண்டு கைக்கு இரண்டு மூன்று முழு முத்து இருந்தால் மன்னிக்கலாம். அவர் முப்பத்தொன்று வரை எண்ணினார், அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

“என்ன அத்தான் வாளியில?” அவள் எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை. வாளிக்குள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்து அதை வாங்கி வாய்க்காலில் கொட்டினாள். “இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

பாவம், இவளுக்கு இது என்னவென்றே புரியவில்லை என்று அவர் நினைத்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. சகலை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார், மெஷின்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். சாயங்காலத்துக்குள் பால் சென்டர் முழுக்கத் தெரியும். இரண்டு வாரத்தில் சீசன். பக்கத்தில் ஒருவன் புது மெஷின் இறக்கிவிட்டு எப்போதடா வாய்ப்பு வரும் என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருவருக்கு உருளையைத் திறந்துவிட்டவன் நமக்கும் திறந்துவிட்டிருப்பான் என்று இருபத்தேழு பேரும் நினைப்பார்கள். இந்த வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது?

சொல்லாவிட்டால்? ஏழு மாடு போகும். இந்தக் குழி தீரும். வருகிற சீசனில் சகலைக்கு முதல் ஆளாக, உருளையை நெருக்கி வைத்து, பதமாக வெட்டிக் கொடுத்தால் பால் தானாக ஏறும். மாட்டைக் குறைத்ததால்தான் ஏறியது என்று சகலையே எல்லோரிடமும் சொல்வார். யோசிக்க யோசிக்க இதுதான் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. தனக்கு வசதியான யோசனை எப்போதும் எல்லோருக்கும் நல்லதாகத்தான் தோன்றும்.

சொன்னபடி இரண்டு மணிக்கு வண்டி வந்துவிட்டது. மாட்டு வியாபாரி குட்டையான ஆள், ஒவ்வொரு மாட்டின் மடியையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ குறை கண்டவர் போல் உதட்டைப் பிதுக்கினார். அது அவர் தொழில். சாய்வுப் பலகையைச் சாய்த்து முதல் மாட்டை ஏற்றினார்கள். பேசாமல் ஏறிக்கொண்டது. இரண்டாவது வெள்ளை மூக்கி. அது பலகையில் முன்கால் இரண்டையும் வைத்ததோடு நின்றுவிட்டது. வியாபாரியின் ஆள் கயிற்றை இழுத்தான், சகலை பின்னால் தள்ளினார். மாடு அசையவில்லை. தலையைத் திருப்பிக் கொழுந்தியாளைப் பார்த்தது.

“விடுங்க, அடிக்காதீங்க. நான் ஏத்தறேன்” என்று அவள் வந்தாள். அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, “வாடி. ஒண்ணுமில்ல, வா” என்று சொல்லிக்கொண்டே தானும் பலகையில் ஏறினாள். மாடு அவளோடு ஏறியது. கன்றாக இருந்ததிலிருந்து அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ப் பழகிய மாடு, இங்கேயும் போயிற்று.

மெஷின்காரரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“சகலை, ஏத்தறதை நிறுத்தச் சொல்லுங்க.”

“என்னண்ணே, பாத்ததும் மனசு கேக்கலையா?”

“மாட்டு மேலயும் தப்பில்ல, இவ மேலயும் தப்பில்ல. தப்பு என் மெஷின் மேல. மெஷின் மேல என்ன, என் மேலதான்.”

சகலை சிரித்துக்கொண்டே பார்த்தார், ஏதோ வேடிக்கை என்று நினைத்தார். மெஷின்காரர் மறுபடி வாளியை எடுத்தார். மறுபடி தண்ணீர், மறுபடி இரண்டு கை சைலேஜ். அவசரத்தில் பாதித் தண்ணீர் கீழே போயிற்று. அடியில் தங்கிய மஞ்சளைச் சகலையின் உள்ளங்கையில் கொட்டினார்.

“இது நசுங்கியிருக்கணும். நசுங்காத முத்தை மாடு தின்னாலும் உள்ள ஒட்டாது, முழுசா வெளிய வந்துடும். அன்னைக்கு மழை வருதேன்னு உருளையைத் திறந்துவிட்டேன். ஆறு மில்லிமீட்டர். பத்து ஏக்கரும் அப்படித்தான் வெட்டினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். உங்க மூணு லிட்டர் பால் அதோ அந்தக் குவியல்ல கிடக்கு.”

வியாபாரி எட்டிப் பார்த்தார். “அடடே! தின்கிறது மாடு, கொழுக்கறது கோழியா!” என்றார்.

சகலை கோபப்படுவார், கத்துவார், காலரைப் பிடிப்பார் என்று மெஷின்காரர் எதிர்பார்த்தார். சகலை உள்ளங்கையை மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒரு முத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

“மூணு மாசமா நீதானே சாணி அள்றே. இது உன் கண்ணுல படலையா?”

கொழுந்தியாள் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். “பட்டுச்சு. குழியைத் திறந்த மூணாம் நாளே பட்டுச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா சாயங்காலமே பால் சென்டர்ல பேச்சாயிடும். அப்புறம் அக்கா வீட்டு மெஷினை யாரு கூப்பிடுவா?” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “நீங்க திட்டினா வீட்டோட போச்சு. நீங்க கொட்டகைப் பக்கம் வர்றதுக்குள்ள தினம் கழுவி விட்டேன். கோழிங்களைத்தான் ஒண்ணும் பண்ண முடியல.”

அவள் குழாயை வீசி அடித்ததும், வாளியைப் பிடுங்கிக் கொட்டியதும் சுத்தத்துக்கு இல்லை என்று இப்போதுதான் மெஷின்காரருக்கு உறைத்தது. ஒவ்வொரு நாளும் விடிவதற்குள் எழுந்து இவருடைய குற்றத்தை வாய்க்காலில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சகலை, நாளையிலிருந்து காலையில நான் வர்றேன். உருளையைக் கழட்டிக் கொண்டாந்து இங்கயே ஒரு மோட்டார்ல மாட்டறேன். அன்னன்னைக்கு எடுக்கற தீவனத்தை மறுபடி நசுக்கித் தர்றேன். குழி தீர்ற வரைக்கும்.”

“இன்னும் ஒன்பது மாசம் இருக்கு” என்றார் சகலை.

“இருக்கட்டும்.”

“உருளை இல்லாம சீசனுக்கு எப்படிப் போவீங்க?”

“கூப்பிட்டாத்தானே போறது.”

வியாபாரி ஏற்கெனவே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போயிருந்தார். “இங்க ஒரு வேடிக்கை கேளு...” என்று தொடங்கியது எல்லோருக்கும் கேட்டது. சகலை அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். போய் என்ன செய்வது? பிறகு திரும்பிப் பலகையில் ஏறி, வெள்ளை மூக்கியின் கயிற்றைப் பிடித்துத் தானே கீழே இறக்கினார்.

கொழுந்தியாள் அதைப் பார்க்கவில்லை. மெஷின்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நன்றியோ நிம்மதியோ அந்த முகத்தில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார், அப்படி எதிர்பார்த்ததைத் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை. அங்கே இருந்தது கோபம். கத்துவதற்குக்கூடத் தெம்பில்லாத கோபம்.

“ஏன் அத்தான் சொன்னீங்க?” என்றாள். “சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? குழி திறந்தப்பவாவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா? ஏழு மாடும் போயிட்டா இதோட முடிஞ்சதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். மூணு மாசம் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாம எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேனே, அத்தனையும் வீணாப் போச்சே அத்தான்.”

கை இரண்டிலும் சாணி இருந்ததால் முழங்கையை மடக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. மெஷின்காரர் வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.